முதுகு

இருபத்து நாலு வருஷம்
நான் பார்த்தது குணாளனின் முதுகைத்தான்.
டிரம்ஸ்காரனுக்கு அவ்வளவுதான் வாய்க்கும்.

முதல் பாட்டில் காலருக்குக் கீழே
இருபது காசு அளவுக்கு வேர்வை.
மூன்றாவதில் அது பேராக் மாநிலம் போல விரியும்.
கடைசிப் பாட்டுக்குச் சட்டையில்
கரையே இருக்காது.
பாரில் கடிகாரம் இருந்ததா என்று
இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

பீடோரில், டயர் கடைக்கு மேல்மாடி.
தவுக்கே ஹோ
சனிக்கிழமைக்கு ஆளுக்கு நாற்பது வெள்ளி தருவார்,
மிச்சமிருந்தால் கோழியும்.
பேண்டின் பெயர் தொண்ணூற்று நாலு.
ஆரம்பித்த வருஷம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.
அது செம்பனை பிளாக்கின் நம்பர்,
கன்று நட்ட வருஷம்.
அங்கே உரக்கொட்டகையில்
யூரியா மூட்டைகள் சுவராக நிற்க
எங்கள் ஒத்திகை.
எதிரொலியே வராது.
வெளி மேடையில் முதன்முதலாகத்
தன் குரல் திரும்பி வந்ததைக் கேட்டு
யாரோ கூடப் பாடுகிறார்கள் என்று
திரும்பிப் பார்த்தான் குணாளன்.

பகலில் மில்லில் எடைமேடை குமாஸ்தா.
பழக்குலையோடு லாரி ஏறும், எழுதுவான்.
வெறும் லாரி திரும்பும், எழுதுவான்.
கழித்தால் வருவதற்குத்தான் காசு.
"மைக் முன்னால நிக்கிறதும் இதே வேலதான்டா" என்பான்.
எதிலிருந்து எதை, என்று நான் கேட்டதில்லை.

இங்கிலீஷ் பாட்டுகளைத் தமிழில் எழுதி வைத்திருந்தான்,
எடைச்சீட்டின் பின்பக்கங்களில்.
அர்த்தம் பிடிபடாத இடம் வந்தால்
குரலை இன்னும் கொஞ்சம் உடைப்பான்.
லாரி டிரைவர்கள் அழுதது
அந்த இடங்களில்தான்.

அவன் மனைவி பத்மாசினி ஒரே ஒரு தடவை வந்தாள்.
எட்டு மாச வயிற்றோடு முன்மேசையில்
ஒரு தட்டுக் கச்சான் தின்று முடித்து,
சத்தம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு கோலாலம்பூரிலிருந்து ஒருத்தர்,
வெள்ளைச் சப்பாத்து, ஐஸ் போடாத கோக்.
நாலு பாட்டு கேட்டார்.
அன்று அந்த முதுகு நனையவே இல்லை.
பயத்தில் வேர்வை வற்றும் என்று
நான் கண்டது அன்றுதான்.
அவர் கிட்டார் லியோனை அழைத்துக்கொண்டு போனார்.
திங்கட்கிழமை ஏழு மணி,
நான் கொண்டுபோன லாரிதான் முதல்.
"பதினாறு டன் நானூறு" என்றான் குணாளன்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

கல்யாண டின்னர், தேர்தல் கூட்டம்,
ஏழாம் மாதம் சீனர்களின் பேய்த் திருவிழா.
முதல் வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்கு,
யாரும் உட்காரக் கூடாது.
மழை வேறு. பின்வரிசையும் காலி.
என்னைக் கேட்டால்
அவன் நன்றாகப் பாடியது அன்றைக்குத்தான்.

நோய்த்தொற்று வந்தது. பாரைப் பூட்டினார்கள்.
அந்த இடைவெளியில் பிளாக்கில் மரங்களைச் சாய்த்து
புதுக் கன்று வைத்தார்கள். கொட்டகையும் போனது.
திறந்தபோது மேடை இருந்த மூலையில்
தவுக்கே ஒரு கராவோக்கே மெஷின் வைத்திருந்தார்.
பாட்டுக்கு மூன்று வெள்ளி.

கொடுத்தான்.
மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.
எங்கள் கடைசிப் பாட்டு.
திரையில் வரிகள் நீலமாகி நகர்ந்தன,
அவன் பார்க்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறான்.
இத்தனை வருஷமும் அப்படித்தானா?
சபையை அவன் ஒருநாளும்
பார்த்ததே இல்லையா?

எழுபத்தொன்று என்றது மெஷின்.
பக்கத்து மேசைப் பையன்கள்
"அங்கிள், பரவால்ல" என்று கைதட்டினார்கள்.
குணாளன் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தான்.
"லாரியக் கழிச்சிட்டுப் போட்டிருப்பான்" என்றான்.

மறுபடி மூன்று வெள்ளி. அதே பாட்டு.
நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்
அவனுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன்.